தண்ணீர் நன்றாக இருக்கிறதா?

ஆந்திரத்தில், நந்தியால் மாவட்டத்தில், கிருஷ்ணை ஆற்றோரம் சங்கமேஸ்வரம் என்று ஒரு தலம் இருக்கிறது. துங்கா, பத்ரா, கிருஷ்ணா, வேணி, பீமரதி, மலாபஹாரிணி, பவநாசி என்று ஏழு ஆறுகளைச் சொல்லி, அவை கூடும் இடம் இது என்பார்கள் அவ்வூர்க்காரர்கள். அங்கே கருவறையில் இருப்பது கல் லிங்கம் இல்லை, வேப்பமரத் தண்டு. வனவாசத்தில் இருந்த பாண்டவர்கள் இந்த இடத்தில் சிவபூசை செய்ய விரும்பினார்களாம். லிங்கம் கொண்டுவரக் காசிக்குப் போன பீமன் வரவில்லை. நல்ல வேளை தவறிவிடுமே என்று தருமர் வேப்பமரத்தை வெட்டி, லிங்கமாக நட்டுப் பூசையை முடித்துவிட்டார். தாமதமாக வந்த பீமனுக்குக் கோபம். அவன் மனம் ஆறவேண்டி அவன் கொண்டுவந்த லிங்கத்துக்கும் அங்கே வழிபாடு உண்டு. இராமேசுவரத்து அனுமன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது உறவுக்காரர் வீட்டுக் கதை போலத்தான் இருக்கும்.

அந்த வேம்பு ஆண்டில் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இருக்கிறது.

ஸ்ரீசைலம் அணையின் நீர்ப்பரப்புக்குள் கோயில் போனது 1981-இல். அதன்பின் அது வெளியே தெரியாமலே இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்தன. 2003-இல் நீர்மட்டம் வெகுவாக இறங்கியபோதுதான் கோபுரமும் பிறகு கருவறையும் மறுபடி வெயிலைப் பார்த்தன. வேப்பந்தண்டு இருந்த இடத்தில் இருந்தது. அன்று முதல் பெரும்பாலான ஆண்டுகளில் மாசி, பங்குனி வாக்கில் நீர் இறங்க இறங்கக் கோயில் வெளிவருகிறது. ஆடியில் மேற்கு மலைகளில் பெய்த மழை கிருஷ்ணையில் புரண்டு வரும்போது மீண்டும் உள்ளே போகிறது. எத்தனை நாள் வெளியே இருக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில ஆண்டுகளில் சில மாதங்கள், சில ஆண்டுகளில் சில வாரங்கள்தான்.

நீர் வடிந்ததும் முதல் வேலை சேறு வாருவது. கருவறைக்குள் வண்டல் படிந்திருக்கும். அதை அள்ளிக் கொட்டி, கழுவி, லிங்கத்துக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, விளக்கேற்றி, அர்ச்சகர் பூசையைத் தொடங்குவார். சரிந்து கிடக்கும் மதில் கற்களுக்கு நடுவே ஜனங்கள் தேங்காய் பழத்தோடு வருவார்கள். நாலு மாதம் கழித்து வெள்ளம் வரும் என்பது சேறு அள்ளுகிறவருக்கும் தெரியும், தேங்காய் உடைக்கிறவருக்கும் தெரியும். வெள்ளம் வாசலைத் தொடுகிற நாளில், தண்ணீரில் நின்றபடியே கடைசி ஆரத்தி காட்டிவிட்டு அர்ச்சகர் வெளியேறுவார். பிறகு மேட்டில் இருக்கும் உமாமகேஸ்வரர் சந்நிதியில் பூசை தொடரும். அடுத்த ஆண்டு மறுபடி சேறு.

இதைப் பார்க்கவேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. பணியில் இருந்தவரை முடியவில்லை. ஓய்வு பெற்றபின் ஒரு வைகாசியில் கர்னூல் வழியாகப் போனேன். வெடித்த வண்டல் மேல் நடந்து கோயிலுக்குப் போகும்போது, என் வயது இருக்கும் ஒருவர் துணைக்கு வந்தார். நான் வளர்ந்த தெருவில் பாதிப்பேர் தெலுங்குக்காரர்கள். அதனால் பேச்சுக்குத் தடையில்லை. அவர் கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். அதோ அந்த மேடு எங்கள் களம். இந்தப் பக்கம் நிலக்கடலை போடுவோம், அதற்கு அப்பால் கிணறு. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிளந்து கிடந்த மண்ணும் செத்த சிப்பிகளும்தான். அவருக்கு அங்கே ஓர் ஊரே இருந்தது.

"உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்.

"மெட்ராஸ்."

"மெட்ராசா? அப்படியென்றால் எங்கள் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்கள்." குரலில் குத்தல் இல்லை. பெண் கொடுத்த வீட்டைப் பற்றி விசாரிப்பவர் போல அடுத்த கேள்வியையும் கேட்டார்: "தண்ணீர் நன்றாக இருக்கிறதா?"

நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் சொன்னது கணக்குப்படி சரி. 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் கிருஷ்ணைப் பங்கிலிருந்து தலைக்கு 5 டிஎம்சி வீதம் சென்னையின் குடிநீருக்குத் தர ஒப்புக்கொண்டன. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் முதல்வர்களாக இருந்தபோது தெலுங்கு கங்கைத் திட்டமாக அது உருவெடுத்தது. ஆவியாகிப் போவது 3 டிஎம்சி என்று கழித்து, தமிழக எல்லையில் 12 டிஎம்சி தரவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த முழு அளவு கைக்கு வந்த ஆண்டுகள் அரிது என்றாலும், 1996-இல் முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்தபோது இந்த நகரம் அதைத் திருவிழாவாகத்தான் வரவேற்றது.

அந்தத் தண்ணீர் வரும் வழியைப் பேரப்பிள்ளைகளுக்கு நான் வரைந்து காட்டுவதுண்டு. ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் போத்திரெட்டிபாடு என்ற இடத்தில் மதகு. அங்கிருந்து கால்வாயில் பனகசெர்லா. பிறகு வெலுகோடு ஏரி. பிறகு வடபெண்ணை ஆற்றில் இறங்கி நெல்லூர் மாவட்டத்துச் சோமசிலை அணை. அங்கிருந்து கண்டலேறு. கண்டலேற்றிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாய் ஓடி, ஊத்துக்கோட்டைப் பக்கம் நம் எல்லைக்குள் நுழைந்து, மேலும் 25 கிலோமீட்டர் வந்து பூண்டி. முதலில் வெட்டிய கால்வாயில் கரை சரிந்தும் கசிந்தும் தண்ணீர் வழியிலேயே வீணானபோது, புட்டபர்த்தி சத்ய சாயி பாபாவின் அறக்கட்டளை செலவை ஏற்று அதைச் சீரமைத்துக் கொடுத்தது. ஒரு குடம் தண்ணீர் எத்தனை பேர் கையைத் தாண்டி வருகிறது என்பதைப் பிள்ளைகள் இந்த வயதிலேயே தெரிந்துகொள்ளட்டும் என்பது என் எண்ணம்.

வரைந்து காட்டும்போது ஓர் இடத்தில் நானே நின்றுவிடுவேன். ஸ்ரீசைலம் அணையின் முழு மட்டம் 885 அடி. சங்கமேஸ்வரர் கோயில் முழுதாக வெளிப்பட வேண்டுமானால் மட்டம் ஏறத்தாழ 840 அடிக்கு இறங்கவேண்டும். போத்திரெட்டிபாடு மதகுக்குத் தண்ணீர் எட்டவேண்டுமானால் மட்டம் ஏறத்தாழ அதே அளவுக்கு மேலே நிற்கவேண்டும். கோயில் வாசல் காய்ந்திருக்கும் காலத்தில் நம் பக்கம் கிளம்பும் தண்ணீர் இல்லை. நம் பக்கம் தண்ணீர் கிளம்பும் காலத்தில் அந்த வேம்பு முங்கித்தான் இருக்கும். கோடையில் வருகிறதே என்று கேட்கலாம். அது முன்பே எடுத்து வெலுகோட்டிலும் சோமசிலையிலும் கண்டலேற்றிலும் தேக்கி வைத்தது.

2003-ஐ நினைத்துப் பாருங்கள். சென்னையின் ஏரிகள் பாளம் பாளமாக வெடித்த காலம் அது. குழாயில் காற்று வந்தது. தெரு முனையில் பிளாஸ்டிக் குடங்களை வரிசை வைத்துவிட்டு லாரிக்காக இரவெல்லாம் விழித்திருந்தோம். அடுத்த ஆண்டு வீராணம் தண்ணீர் வந்துதான் மூச்சு திரும்பியது. அதே 2003-இல்தான் அங்கே கோயில் இருபது ஆண்டு இருளிலிருந்து வெளியே வந்தது. நாம் வானத்தைப் பார்த்து ஏங்கிய நாள்களில், தங்கள் சாமியை மறுபடி கண்ட மகிழ்ச்சியில் அந்த மக்கள் ஆற்றுக்குள் ஓடியிருக்கிறார்கள். ஒரே வறட்சிக்கு இரண்டு முகம் உண்டு என்பதை அந்தப் பெரியவர் வாயால் கேட்கும்வரை நான் யோசித்தது கிடையாது.

அணையே கூடாது என்று பேசுகிறவன் இல்லை நான். தாகத்தோடு விடிந்த நகரத்தில் வாழ்ந்தவன். ஸ்ரீசைலம் அணை ராயலசீமையின் வறண்ட வயல்களுக்கும் தண்ணீர் கொடுத்தது, இரு கரையிலும் மின்சாரம் கொடுத்தது. 1963-இல் நேரு அடிக்கல் நாட்டியபோது நாட்டுக்கு அது வேண்டித்தான் இருந்தது. என் மனம் ஆறாமல் இருப்பது, அதைக் கட்டி முடித்த விதத்தில்.

கிருஷ்ணையும் துங்கபத்திரையும் கூடும் கூடவல்லியில் சாளுக்கியர் காலத்துக் கற்கோயில் ஒன்று இருந்தது. அதுவும் முங்கப்போகிறது என்றதும் தொல்லியல் துறையினர் அதைக் கல் கல்லாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, ஆலம்பூருக்குக் கொண்டுபோய், எண் பிசகாமல் திரும்பக் கட்டினார்கள். பாபநாசிக் கோயில்களையும் அப்படியே நகர்த்தினார்கள். இன்று ஆலம்பூர் போகிறவர்கள் அந்தச் சிற்பங்களைக் கண்ணாரப் பார்க்கலாம். அருமையான வேலை, வாய்விட்டுப் புகழவேண்டிய வேலை.

அதே நீர்ப்பரப்பில் நூறு ஊர்களுக்கு மேல் இருந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் இருந்தார்கள். 1981 ஜூனில், மழை தொடங்கும் தறுவாயில், அவர்கள் வீடுகளை இயந்திரம் வைத்து இடித்து வெளியேற்றினார்கள். அந்த நடவடிக்கைக்கு 'ஆபரேஷன் டெமாலிஷன்' என்றே பெயர். கல்லுக்கு இருந்த எண், வீட்டுக்கு இல்லை. சிற்பம் எந்தத் திசையை நோக்கி நின்றதோ அதே திசையில் அதை நிறுத்தத் தெரிந்த நாட்டுக்கு, ஒரு தெருவில் அடுத்தடுத்து வாழ்ந்தவர்களை இன்னோர் இடத்தில் அடுத்தடுத்துக் குடியமர்த்தத் தெரியவில்லை. சங்கமேஸ்வரம் கல்லில் கலைநயம் காட்டிய கோயில் இல்லை. அதை யாரும் பிரித்து எடுக்கவில்லை. அது தன் ஜனங்களோடு முங்கியது. ஆனால் எடுத்துப் பத்திரமாக வைத்த கோயிலுக்குச் சுற்றுலாப் பேருந்து வருகிறது, விட்டுவிட்டுப் போன கோயிலுக்கு ஆண்டுதோறும் சேறு அள்ள ஆள் வருகிறது. இரண்டில் எது உயிரோடு இருக்கிறது என்பதை நேரில் பார்த்தால்தான் தெரியும்.

1986-இல் ஆந்திர அரசு 98-ஆம் எண் அரசாணை போட்டது. முங்கிய குடும்பத்துக்கு ஒருவர் வீதம் அரசு வேலைக்கு வழி செய்யும் ஆணை அது. சிலருக்குக் கிடைத்தது. காத்திருந்து வயது கடந்தவர்கள் ஏராளம். பிறகு மாநிலமே இரண்டாயிற்று. இரு பக்கத்திலும் மனுக்கள் தொடர்கின்றன. எனக்கு வழி காட்டி வந்தவரும் அந்த ஆணையின் எண்ணைப் பிறந்த நட்சத்திரம் போல ஒப்பித்தார். அணையில் வண்டல் ஏறிக்கொண்டே போகிறது. 308 டிஎம்சி கொள்ளும் என்று கட்டியது இன்று ஏறத்தாழ 215 தான் கொள்கிறது. கொடுத்த வாக்கு மட்டும் அப்படியே கிடக்கிறது.

என் வீட்டு விஷயம் ஒன்று சொல்கிறேன். அம்மா படுக்கையில் விழுந்தபோது என் அக்கா எட்டாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தினாள். யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை. அடுப்பும் தம்பி தங்கையும் அவள் கைக்கு வந்தன, நாங்கள் படித்தோம். பிற்பாடு நான் கல்லூரிக்குப் போனபோது அவள் கழுத்துச் சங்கிலிதான் அடகுக் கடைக்குப் போயிற்று. என் மகன் வேலைக்குச் சேர்ந்த நாளில், முதல் சம்பளத்தை யாரிடம் கொடுக்கவேண்டும் என்று கேட்டான். அத்தையிடம் கொடு என்றேன். ஏன் என்று அவன் கேட்டான். உட்காரவைத்து முழுக்கதையும் சொன்னேன். அவனுக்கு அது ஒன்றும் சுமையாகவில்லை. அன்றிலிருந்து அத்தை வீட்டுக்குப் போனால் அவனாகவே அடுக்களை வரை போய் உட்கார்ந்து பேசுகிறான்.

இளையவர்களிடம் நான் வேண்டிக்கேட்பது இவ்வளவுதான். உங்கள் கைக்கு ஒன்று எளிதாக வந்திருந்தால், அதற்காக இடம் விட்டவர் யார் என்று கேளுங்கள். குற்றவுணர்ச்சியில் குமைவதற்காக இல்லை. விட்டுக்கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் நடுவில் உறவு இருக்கவேண்டும் என்பதற்காக. பணம் கொடுத்துக் கணக்கு முடித்துவிட்டால் உறவு அறுந்துபோகும். போய்ப் பார்ப்பது, பெயர் தெரிந்துவைத்திருப்பது, அவர்கள் மனு கொடுக்கும்போது நம் குரலும் கூட இருப்பது, இவையெல்லாம் உறவின் வேலை. நம் நகரத்துச் சட்டமன்றத்திலும் செய்தித்தாளிலும் கிருஷ்ணா நீர் எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்றுதான் எப்போதும் பேச்சு. 98-ஆம் எண் ஆணையில் பாக்கி எவ்வளவு என்று இங்கே ஒருவராவது கேட்டிருந்தால் அந்த மக்களுக்கு எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும்!

அவ்வளவு தொலைவு போகவேண்டாம், கால்வாயின் இந்த முனையிலேயே பாருங்கள். பூண்டியில் சத்தியமூர்த்தி சாகர் கட்டியது 1940-களில். கொசஸ்தலையாற்றைத் தடுத்துக் கட்டிய அந்த நீர்த்தேக்கத்துக்குள் போனது திருவெண்பாக்கம், சுந்தரர் பாடிய தலம். தாம் மணந்த சங்கிலியாருக்கு, உன்னைப் பிரியமாட்டேன் என்று திருவொற்றியூரில் சத்தியம் செய்துவிட்டு, ஆரூர் நினைவு வந்ததும் எல்லை தாண்டியவர் சுந்தரர். தாண்டிய அடியிலேயே இரண்டு கண்ணும் போயின. தடவித் தடவி வந்து, இந்தக் கோயிலில் இருக்கிறாயா என்று இறைவனைக் கேட்ட இடம் திருவெண்பாக்கம். அங்கே கிடைத்தது பார்வை இல்லை, ஓர் ஊன்றுகோல் மட்டும். ஒரு கண்ணுக்குக் காஞ்சி வரைக்கும், இன்னொரு கண்ணுக்கு ஆரூர் வரைக்கும் அவர் அந்தக் கோலோடு நடக்கவேண்டியிருந்தது. கடவுளுக்கே தோழராக இருந்தவர் வாக்குத் தவறினாலும் கண் போகும் என்று வைத்திருக்கிறது நம் மரபு. அரசாணை எழுதுகிற கைகள் இந்தக் கதையை ஒருமுறை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

பழைய கோயில் நீருக்குள் போனபின், பூண்டி ஊருக்குள் ஊன்றீஸ்வரர் கோயிலைப் புதிதாக எழுப்பி 1968-இல் குடமுழுக்கு செய்தார்கள். கையில் கோலோடு சுந்தரர் அங்கே நிற்கிறார். ஸ்ரீசைலத்தில் ஒரு கோயிலை மூழ்கடித்துக் கிளம்பும் தண்ணீர், இன்னொரு கோயில் முழுகிய இடத்தில் வந்து சேர்ந்து, பிறகு நம் குழாய்க்கு வருகிறது. விடுமுறையில் பூண்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் அணைக்கரையில் நின்று மீன் வறுவல் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் தள்ளித்தான் கோயில். உள்ளே போய், பழைய ஊர் எந்தப் பக்கம் இருந்தது என்று வயதானவர் யாரிடமாவது கேட்கலாம்.

சங்கமேஸ்வரம் போக நினைப்பவர்களுக்கு: கர்னூலிலிருந்து நந்திகொட்கூர், ஆத்மகூர் வழியாகக் கொத்தபள்ளிப் பக்கம் போகவேண்டும். தெலங்கானா பக்கத்தில் கொல்லாப்பூரை அடுத்த சோமசிலையிலிருந்து படகிலும் வரலாம். நெல்லூர்ச் சோமசிலை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். கிளம்புவதற்கு முன் ஸ்ரீசைலம் அணையின் மட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் வெளியிடுகிறார்கள். 840-ஐ ஒட்டி இருந்தால் புறப்படலாம். மகா சிவராத்திரிக்குள் கோயில் வெளிவந்துவிடுமா என்பது அந்தந்த ஆண்டின் மழையைப் பொறுத்தது. வெயில் கடுமையாக இருக்கும், குடிக்கத் தண்ணீர் கையில் எடுத்துப் போங்கள். வண்டலில் கால் புதையும் இடங்கள் உண்டு, ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது. எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று அவர் கேட்பார். சொல்லுங்கள். பிறகு, அவருடைய பழைய ஊர் எது என்று நீங்களும் கேளுங்கள்.